ஏழாவது பாட்டு

பிரபலமானவர்களை எல்லோரும் முன்னால் இருந்து பார்ப்பார்கள். நான் முப்பது வருஷமாகப் பக்கவாட்டில் இருந்துதான் பார்த்து வருகிறேன். மைக் செட்காரனுக்கு மேடையின் ஓரத்தில்தான் மேஜை போடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு நடிகரின் தலைச்சாயம் காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் முடிகிறது என்பது தெரியும். ஓட்டுக் கேட்க வந்த ஒரு நட்சத்திரம், கைதட்டல் அடங்கியதும் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுச் சொறிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் பத்துப் பேரைத் தூக்கி அடிக்கும் இன்னொருவர், என் மைக்கில் லேசாக ஷாக் அடித்ததும் "ஐயோ அம்மா" என்றார். மைக் ஆனில் இருந்தது. உத்திரமேரூர் பஜார் முழுக்கக் கேட்டது. பாவம், அன்றைக்கு அவருக்கு ஒரு ஓட்டாவது கூடியிருக்கும்.

அதனால் யாரைப் பார்த்தும் எனக்குப் பெரிய நடுக்கம் வந்ததில்லை, ஒரே ஒரு பாடகியைத் தவிர. அவரை நேரில் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்பிருந்தே எனக்கு அவரிடம் ஒரு குற்றக் கணக்கு இருந்தது. அவருடைய பாட்டு ஒன்றை நான் கெடுத்திருந்தேன்.

அது ஒரு தாலாட்டு. முதலில் கொஞ்ச நேரம் வார்த்தையே இல்லாமல் முனகுவார், பிறகு மெல்லப் பாட்டுக்குள் இறங்குவார். என் அக்காவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். அவளுக்குக் குழந்தை கிடையாது. அடிபம்பு மேடையில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கும்போது பாடுவாள். சுருதி, தாளம் எதற்கும் கட்டுப்பட மாட்டாள். இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். அக்காவால் ஏற முடியாது. பாதி வழியில் நின்று, பக்கவாட்டில் இழுத்து, எப்படியோ கீழே வந்து சேருவாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே தப்பு.

"அந்தம்மா இதக் கேட்டா உன் மேல கேஸ் போடும்க்கா" என்பேன்.

"போடட்டும். கோர்ட்டுல நின்னு முழுப் பாட்டும் பாடிக் காட்றேன்" என்பாள்.

மஞ்சள் காமாலை வந்து ஒன்பது நாளில் போய்விட்டாள். நாட்டு மருந்தா, பெரிய ஆஸ்பத்திரியா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள், எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. அப்போதுதான் மைக் செட் வாங்கியிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வேப்ப மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி அந்தக் கேசட்டைப் போட்டேன். பெரியவர்கள் முதலில் திட்டினார்கள். "பொணத்த வெச்சிக்கினு சினிமாப் பாட்டு போடுறான், புத்தி கீதா இவனுக்கு" என்றார்கள். அது தூங்கச் சொல்லும் பாட்டு. இரண்டாவது முறை சுற்றும்போது பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். திட்டியவர்களும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிணம் எடுக்கும்வரை அதையே போட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. "உங்க அக்காவுக்குப் போட்டியே, அந்தப் பாட்டப் போடு" என்றார்கள். பிறகு பக்கத்து ஊர். பிறகு மற்ற மைக் செட்காரர்களும் போட ஆரம்பித்தார்கள். திருப்புலிவனத்தில் இருந்து மாகறல் வரைக்கும் இன்றைக்கும் அந்த முனகல் காற்றில் வந்தால், கழனியில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து "யாரு வூட்லடி?" என்று கேட்பார்கள். உலகத்துக்கெல்லாம் தாலாட்டாக இருக்கும் பாட்டை எங்கள் பக்கத்துக்குச் சாவுப் பாட்டாக்கிய புண்ணியவான் நான்தான். ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எனக்கும் அதில் அக்கா கேட்காமல் போய்விட்டாள். சங்கு, பூ, ஊதுவத்திப் புகை மட்டும்தான் வரும்.

தொழிலில் நான் கறார். என்னிடம் இரண்டு பென்டிரைவ் உண்டு. மஞ்சள் கயிறு கட்டியது கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கு. கறுப்புக் கயிறு கட்டியது சாவுக்கு. மங்கள காரியத்துக்குப் போகும்போது கறுப்பைப் பையில்கூட வைக்க மாட்டேன். வீட்டில் ஆணியில் தொங்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மாறியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பையன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டான். இருபத்து மூன்று வயது. வெளியூர்ச் சொந்தம் வர வேண்டும், ஆஸ்பத்திரியில் இருந்து உடம்பு வர வேண்டும், அப்புறம் பால் தெளிப்பு என்று மூன்று நாள் கறுப்புக் கயிறுதான் ஓடியது. மூன்றாவது நாள் அந்தப் பையனின் அம்மா எழுந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போதவில்லையோ என்று நினைத்து, "இன்னாம்மா வேணும்?" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணா" என்று திரும்பிப் போய்விட்டார். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அதே வீட்டில் போன வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு சென்னைப் பக்கம். உத்திரமேரூர் மண்டபத்தில் சாயங்காலம் வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக அந்தப் பாடகியே வந்து பாடுகிறார் என்றார்கள். மைக் செட் நான்தான். பெண்ணின் அப்பா போன் செய்து, "போன வாட்டி நீ எங்க வூட்டுக்கு வந்தது எதுக்குன்னு உனக்கே தெரியும். இந்த வாட்டி எல்லாம் மங்களமா இருக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னார். "எங்கிட்ட வுடு" என்றேன்.

மதியம் மூன்று மணிக்குக் கீபோர்டு வாசிப்பவர் வந்தார். பெரிய வாத்தியக் குழு கிடையாது. குரலை எடுத்துவிட்டு இசை மட்டும் இருக்கும் டிராக்குகளை நான் ஓட்ட வேண்டும், அந்த அம்மா அதன் மேல் பாடுவார். ஒரு பென்டிரைவையும், பன்னிரண்டு பாட்டு எழுதிய தாளையும் கொடுத்தார். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"சார், இந்த ஏழாவது வேணாமே" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தப் பாட்டைப் பாடாம அம்மா மேடையை விட்டு இறங்கினதே இல்லை. அதுவும் இங்க கல்யாண வீட்டுலயே ஸ்பெஷலாக் கேட்டிருக்காங்க."

கேட்டது மாப்பிள்ளை வீடாகத்தான் இருக்கும் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். நம் ஊர்க்காரன் எவனாவது கல்யாணத்தில் அதைக் கேட்பானா? பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். "பாட்டப் பத்தி எனக்கு இன்னாப்பா தெரியும், அதெல்லாம் அவங்க பார்த்துக்கினது. நீயும் பார்த்து செய்" என்று வைத்துவிட்டார். பெண்ணின் அம்மாவைத் தேடிப் போனேன். வாசலில் பன்னீர்ச் செம்போடு சம்பந்தி வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் தலையில் பூவைப் பார்த்தேன். உங்கள் பிள்ளை செத்த அன்றைக்குப் போட்ட பாட்டு லிஸ்டில் இருக்கிறது என்று அந்த வாசலில் வைத்து எப்படிச் சொல்வது? திரும்பி வந்தேன்.

பாடகியிடமே சொல்லிவிடலாம் என்று ஐந்து மணிக்கு மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததில் பாதி உயரம்தான் இருந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, ஃபிளாஸ்க்கில் இருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலை இறக்கிக்கொண்டார். அந்த மரியாதையிலேயே எனக்குப் பாதி தைரியம் போய்விட்டது.

"நம்ம பாட்டெல்லாம் உங்க பக்கம் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடாத நாளே இல்லம்மா."

"எந்தப் பாட்டு அதிகமாப் போடுவீங்க?"

கையில் இருந்த மைக்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அவரே அந்தத் தாலாட்டின் பெயரைச் சொல்லி, "அதுதானே?" என்றார். தலையாட்டினேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நாற்பது வருஷம் ஆச்சு அதைப் பாடி. எங்க போனாலும் அதைத்தான் கேக்கறாங்க. கிராமத்துலகூடப் போடறாங்கன்னு கேக்க சந்தோஷமா இருக்குப்பா" என்றார். இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்? மைக்கைச் சோதித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வந்தவன் நேராக மேஜைக்குப் போய், அவர்கள் பென்டிரைவில் இருந்து ஏழாவது டிராக்கை அழித்தேன்.

முப்பது வருஷத்தில் அடுத்தவன் சரக்கில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஆறரைக்குக் கச்சேரி ஆரம்பித்தது. மண்டபம் நிறைந்து வெளியே பந்தலிலும் கூட்டம். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார்கள், நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு, ஐந்து. பெண்ணின் அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அதுவரை ஒரு பாட்டுக்கும் உட்காராதவர். ஆறாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்காரர் எனக்கு ஜாடை காட்டினார். நான் பொத்தானை அழுத்துவது மாதிரி அழுத்தி, உதட்டைப் பிதுக்கி, கையை விரித்தேன். டிராக் திறக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் முகம் கறுத்தது. பாடகியின் காதில் போய்ச் சொன்னார். முடிந்தது, எட்டாவதுக்குப் போய்விடுவார்கள் என்று மூச்சு விட்டேன். அந்த அம்மா மைக்கில் சிரித்தார்.

"பரவாயில்லை. இந்தப் பாட்டுக்கு மியூசிக்கே வேண்டாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தார்.

அந்த முனகல் கிளம்பியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளில் தலைகள் நிமிர்ந்தன. ஒரு பெரியவர், சாவு வீட்டில் செய்வது போல, தோளில் இருந்த துண்டைத் தன்னையறியாமல் எடுத்து இடுப்பில் சுற்றினார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இலைக்கட்டோடு வந்த பெண் அப்படியே நின்றாள். பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும் பார்வை என்று நினைத்தேன். அந்த மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கினேன்.

மண்டபம் அமைதியானது. பாடகியின் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றது. மைக்கைத் தட்டிப் பார்த்தார். நான் பேட்டரி போய்விட்டது என்று ஜாடை காட்டிக்கொண்டே வேறொரு மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்ததும் வேண்டுமென்றே எட்டாவது டிராக்கை ஓடவிட்டேன். துள்ளலான பாட்டு. வேறு வழியில்லாமல் அதைப் பாட ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கீபோர்டுக்காரர் என்னைப் பார்வையாலேயே சுட்டார். எனக்குக் கவலை இல்லை. ஒரு தாயின் வயிற்றைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பத்தாவது பாட்டின்போது அந்தத் தாய் எழுந்து என் மேஜைக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நின்ற அதே மாதிரி எதிரில் நின்றார்.

"இன்னாண்ணா பண்ண நீ?"

"மைக்கு பேட்டரி போய்டிச்சும்மா."

"பேட்டரி போவல. நீதான் நிறுத்தின. உன் கையத்தான் பார்த்துக்கினு இருந்தேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பாட்ட நான்தான் கேட்டேன். பொண்ணு போன்ல இருந்து நான்தான் சொல்லி எழுத வெச்சேன்."

"அது... உங்க புள்ளைக்கு..." என்று இழுத்தேன்.

"என் புள்ள செத்ததாலயா அது சாவுப் பாட்டு? அவன் பொறந்ததுல இருந்து நான் பாடினதுண்ணா அது. ஊரு இன்னா சொன்னாலும் ரெண்டு பேரையும் அதப் பாடித்தான் தூங்க வெச்சேன். நீ மூணு நாள் போட்ட. அதுக்கப்புறம் அத நெனைச்சா எனக்கு அவன் தூங்குற முகம் வரவே மாட்டேங்குது, பொணத்து முகம்தான் வருது. அன்னிக்கே நிறுத்தச் சொல்லத்தான் உங்கிட்ட வந்து நின்னேன். வாய் வரல." மணமேடையைத் திரும்பிப் பார்த்தார். "பாடினவங்க வாயால, என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாட்டி கேட்டா அந்த மொகம் மாறிடும்னு நெனைச்சேன். அதையும் நிறுத்திட்டியே."

அன்றைக்கு நான் சத்தத்தைக் கூட்டி வைத்தது நினைவுக்கு வந்தது. காலில் விழலாமா என்றிருந்தது. அக்காவின் பாட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தொலைத்தவன் என்று என் மேலேயே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேனே தவிர, எத்தனை பேரிடம் இருந்து அதைப் பறித்தேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அந்தம்மா இன்னும் போவல" என்றார் அவர். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பத்தாவது பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. நான் மேஜையை விட்டு எழுந்து மேடையில் ஏறினேன். முப்பது வருஷத்தில் கச்சேரி நடுவில் ஏறியதே இல்லை. பாடகி என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"அம்மா, மன்னிச்சிக்கோங்க. மைக்கு போவல, நான்தான் நிறுத்தினேன். டிராக்க அழிச்சதும் நான்தான்."

"எதுக்குப்பா?" என்றார். உண்மையிலேயே வலித்த குரல்.

"அந்தப் பாட்டு எங்க பக்கம் சாவு வூட்லதாம்மா போடுவோம். எங்க அக்கா செத்தப்ப நான்தான் மொதல்ல போட்டேன். அப்புறம் எல்லாச் சாவுக்கும் அதான். இந்த வூட்டுப் பையன் செத்தப்பவும் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் இருந்து திரும்பி வருவது கேட்டது. அவர் கையில் இருந்த மைக் ஆனில் இருந்தது. ஊரில் உள்ள தலைவர்களுக்கெல்லாம் "மைக் ஆன்ல கீது, பார்த்துப் பேசுங்க" என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

மாப்பிள்ளையின் அம்மா முதல் வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். "விடிஞ்சா முகூர்த்தம். இது என்னங்க பேச்சு?" என்றார். பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறது என்று நினைத்தேன். அப்போது பெண்ணின் அம்மா எழுந்து போய் சம்பந்தியின் கையைப் பிடித்தார்.

"என் புள்ளைங்க ரெண்டு பேரும் இதக் கேட்டுத்தான் சம்மந்தி தூங்குவாங்க. நான்தான் பாடச் சொன்னேன். உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேணாம்."

சம்பந்தி அம்மா மணமேடையைப் பார்த்தார். அங்கே பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், மாப்பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் சம்பந்தி அம்மா, பிடித்த கையை விடாமலேயே உட்கார்ந்தார். பெண்ணின் அம்மாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

பாடகி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கைக் கீழே இறக்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போய் உன் இடத்துல உட்காரு. கையை எதிலயும் வைக்காதே" என்றார்.

உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். முனகல் எழுந்தது. முதலில் எனக்கு எப்போதும்போல ஊதுவத்திப் புகைதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். முதல் சரணத்தில் பெண்ணின் அம்மாவின் உதடு கூடவே அசைய ஆரம்பித்தது. கண்ணை மூடியிருந்தார். அவருக்கு எந்த முகம் வந்தது என்று நான் பிறகும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவருடைய கை சம்பந்தி அம்மாவின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, குழந்தையைத் தூங்க வைக்கிற தாளத்தில்.

இரண்டாவது சரணம் வந்தது. குரல் மேலே ஏற வேண்டிய அந்த இடம். அந்த அம்மா அத்தனை வயதிலும் பிசிறில்லாமல் ஏறினார். மண்டபமே சொக்கிப்போயிருந்தது. எனக்கு மட்டும் அது தப்பாகக் கேட்டது. அங்கே பாதியில் நின்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்படித்தான் அந்தப் பாட்டு. அடிபம்பு மேடையில் ஒரு பாத்திரம் இன்னொன்றின் மேல் மோதும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது.

மேஜைக்கு அடியில் வயரைச் சரிசெய்பவன் போலக் குனிந்துகொண்டேன். அக்கா செத்த அன்றைக்கு வராத அழுகை வந்தது.